உதவி: பி900-இல் தெளிவாக வரும் பறவை 45 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமராவில் உடைகிறது

குளக்கரை (வெள்ளி, இரவு 7.10)

வணக்கம். கொஞ்சம் அவசரம், திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும். என்னிடம் சில வருடங்களாக நிக்கான் பி900 இருக்கிறது, லென்ஸைக் கழற்ற முடியாத சூப்பர்ஜூம் கேமரா. நண்பர் ஒருவர் தன்னுடைய முழு ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவை விற்கிறார், லென்ஸ் மாற்றிக்கொள்ளும் வகை. வாங்குவதற்கு முன் மூன்று நாள் வைத்துப் பார் என்று பையோடு கொடுத்திருக்கிறார். 45 மெகாபிக்சல். இன்று ஒரே மீன்கொத்தியை இரண்டிலும் எடுத்தேன். பி900 படத்தில் இறகு இறகாகத் தெரிகிறது. மிரர்லெஸ் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது, கண் எது அலகு எது என்றே தெரியவில்லை. கேமராவில் கோளாறா, இல்லை ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமா?

கரிச்சான் (7.22)

லென்ஸ் எது? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. பறவை எவ்வளவு தூரத்தில் இருந்தது, ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) என்ன, ரா ஃபைலா (சென்சார் தந்த பதப்படுத்தாத தரவு) ஜேபெக்கா (கேமராவே பதப்படுத்திய படம்)? எல்லாம் வேண்டும்.

வெயில்காலம் (7.31)

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? மதியம் என்றால் நிச்சயம் கானல்தான். சூடான தரைக்கு மேலே காற்று அலையாடும்போது எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் இறகு பஞ்சு மாதிரிதான் வரும். இரண்டு வருடம் லென்ஸைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. காலையில் போய்ப் பாருங்கள், சரியாகிவிடும்.

தேன்சிட்டு (7.40)

லென்ஸ் முன்னால் யு.வி. ஃபில்டர் மாட்டியிருக்கிறதா பாருங்கள். மலிவான ஃபில்டர் ஒன்று போதும், நீளமான லென்ஸின் கூர்மையைக் கெடுத்துவிடும். கழற்றிவிட்டு ஒரு படம் எடுங்கள். எனக்கு இப்படித்தான் ஆனது, அப்புறம் அந்த ஃபில்டரைத் தொட்டதே இல்லை.

முக்காலி (8.05)

இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். தொழில்முறை கேமரா கையில் எடுத்தவுடன் தானாகப் படம் எடுத்துத் தராது. சூப்பர்ஜூமில் எல்லாவற்றையும் கேமரா செய்துவிடும், நீங்கள் அழுத்தினால் போதும். இங்கே ஃபோகஸ் புள்ளி, ஷட்டர், ரா ஃபைலைத் திருத்துவது எல்லாம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் இரண்டிலும் ரா ஃபைலில் எடுத்து ஒப்பிடுங்கள், அப்புறம் பேசலாம்.

கரிச்சான் (8.12)

முக்காலி அண்ணா, பி900-இல் ரா கிடையாது, ஜேபெக் மட்டும்தான். 2018-இல் வந்த பி1000-இலும் 2020-இல் வந்த பி950-இலும்தான் ரா வந்தது. அவர் எப்படி இரண்டிலும் ரா எடுப்பார்? லென்ஸ் என்ன என்று தெரியட்டும், மற்றதெல்லாம் பிறகு.

குளக்கரை (8.50)

மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். லென்ஸ் கேமராவிலேயே மாட்டியிருந்ததுதான், 24-120 என்று போட்டிருக்கிறது. முழு ஜூமில் வைத்துத்தான் எடுத்தேன். மதியம் 1 மணி இருக்கும். பறவை குளத்துக்கு அக்கரையில் ஒரு கம்பத்தில் உட்கார்ந்திருந்தது, 40 மீட்டர் இருக்கலாம். ஃபில்டர் எதுவும் இல்லை. ஜேபெக். ஷட்டர் தெரியவில்லை, ஆட்டோவில் இருந்தது.

கரிச்சான் (9.02)

கோளாறு எதுவும் இல்லை, நிம்மதியாகத் தூங்குங்கள். கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

சிறிய மீன்கொத்தியின் நீளம் சுமார் 17 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டரில் இருந்து 120 மி.மீ. லென்ஸ் வழியாகப் பார்த்தால் சென்சார் மேல் அதன் நீளம் அரை மி.மீ.தான் வரும். 45 மெகாபிக்சல் முழு ஃப்ரேம் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4.35 மைக்ரான். ஆக, அலகிலிருந்து வால் வரை முழுப் பறவைக்கும் கிடைப்பது ஏறக்குறைய 117 பிக்சல். கண்ணுக்கு இரண்டு மூன்று பிக்சல் தேறினாலே அதிகம். உடையாமல் என்ன செய்யும்?

பி900-இன் உண்மையான ஃபோகல் நீளம் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்) 4.3 முதல் 357 மி.மீ. வரை. பி900-க்குச் சொல்லும் 24-2000 மி.மீ. என்பது முழு ஃப்ரேமுக்கு இணையாகச் சொல்லும் எண். அதன் சென்சாரில் அதே பறவை 1.5 மி.மீ. நீளத்துக்கு விழும். பிக்சல் ஒவ்வொன்றும் 1.34 மைக்ரான் என்பதால் பறவைக்கு 1100 பிக்சலுக்கு மேல் கிடைக்கும். 45 மெகாபிக்சல் என்பது முழுப் படத்துக்கும் உள்ள எண்ணிக்கை. உங்கள் படத்தில் அதில் பெரும்பகுதி குளத்துக்கும் வானத்துக்கும் போய்விட்டது.

குளக்கரை (9.10)

ஓ. அப்படியா. பையில் இன்னொரு நீளமான லென்ஸும் இருக்கிறது, 180-600 என்று போட்டிருக்கிறது. கனமாக இருந்ததால் எடுத்துப் போகவில்லை.

தேன்சிட்டு (9.13)

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நாளைக்கு அதைத்தான் எடுத்துப் போக வேண்டும். அதன் முன்னால் ஃபில்டர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முக்காலி (9.20)

நான் சொன்னதும் அதுதான், அடிப்படை தெரியாமல் ஒப்பிடக் கூடாது. ஆனால் 600 மி.மீ. போட்டாலும் அவர் எதிர்பார்க்கும் அளவுக்கு வித்தியாசம் வராது. எஃப் எண்ணைப் பாருங்கள் (ஃபோகல் நீளத்தை லென்ஸ் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது): பி900 முழு ஜூமில் எஃப்/6.5, அந்த லென்ஸ் 600-இல் எஃப்/6.3. இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றுதான். ஷட்டரும் ஐ.எஸ்.ஓ.வும் ஒரே மாதிரிதான் வரும்.

நீர்க்காகம் (9.34)

ஒரே எக்ஸ்போஷர் வரும் என்பது சரி. வெளிச்சம் ஒன்றுதான் என்பது தவறு. பி900-இன் சென்சார் 6.2 x 4.6 மி.மீ. அளவு, முழு ஃப்ரேம் 36 x 24. பரப்பளவில் 30 மடங்கு வித்தியாசம். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரே வெளிச்சம் விழுந்தாலும் மொத்தமாகச் சேரும் ஒளி 30 மடங்கு. பி900-இன் எஃப்/6.5 முழு ஃப்ரேமில் எஃப்/36-க்குச் சமம்.

முக்காலி (9.41)

எஃப் எண் என்பது எஃப் எண்தான். எஃப்/36 என்று பி900 லென்ஸில் எங்கேயும் எழுதியிருக்காது. லைட் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள், எஃப்/6.5 எல்லாக் கேமராவிலும் ஒரே ஷட்டர்தான் சொல்லும். இந்த 'இணையான எஃப்' கணக்கு புதிதாக வருபவர்களைக் குழப்புவதற்குத்தான் பயன்படுகிறது.

நீர்க்காகம் (9.48)

குழப்பம் ஃபோகல் நீளத்தை மட்டும் மாற்றிச் சொல்வதில்தான் இருக்கிறது. 357 மி.மீ. லென்ஸை 2000 என்று எழுதும்போது எஃப் எண்ணையும் அதே விகிதத்தில், அதாவது 5.6-ஆல், பெருக்குவதுதான் நேர்மை. ஒன்றைப் பெருக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டால் படிப்பவர் 2000 மி.மீ. எஃப்/6.5 லென்ஸ் தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வார். அப்படி ஒரு லென்ஸ் உண்மையாக இருந்தால் அதன் துளை 30 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும்.

கரிச்சான் (10.05)

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எஃப் எண்ணை விட்டுவிட்டு ஒளி உள்ளே வரும் துளையின் விட்டத்தைப் பாருங்கள், சண்டையே வேண்டாம். ஃபோகல் நீளத்தை எஃப் எண்ணால் வகுத்தால் விட்டம். 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ. ஒரே தூரத்தில் இருக்கும் ஒரே பறவையிடமிருந்து எவ்வளவு ஒளியை அள்ளுகிறோம் என்பது இந்த வட்டத்தின் பரப்பளவைப் பொறுத்தது. அப்படிப் பார்த்தால் 600 மி.மீ. லென்ஸ் மூன்று மடங்கு அள்ளுகிறது.

நீர்க்காகம் சொன்ன 30 மடங்கு முழுப் படத்துக்கும் பொருந்தும். ஆனால் 600-இல் எடுத்த படத்தைப் பி900 காட்டும் அளவுக்கு வெட்டினால் அதில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சுவது இந்த மூன்று மடங்குதான். ஒன்றரை ஸ்டாப்பை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) விடக் கொஞ்சம் அதிகம். நல்ல வெயிலில் தெரியாது, மாலையில் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பி900 பறவைக்கு 1100 பிக்சல் தருகிறது என்றேன், 600 மி.மீ.யில் 590 பிக்சல் அளவுக்குத்தான் வரும். அதனால் பி900 இரண்டு மடங்கு தெளிவு என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்/6.5-இல் ஒளியின் விளிம்பு விளைவால் (துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) ஒரு புள்ளி 8.7 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. பி900-இல் அது ஆறேழு பிக்சல் அகலம், பெரிய சென்சாரில் இரண்டே பிக்சல். பி900-இன் பிக்சல்களில் பாதிக்கு மேல் ஒரே தகவலைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வெயில்காலம் (10.12)

40 மீட்டர், மதியம் 1 மணி. கானலை யாரும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கரிச்சான் (10.15)

தண்ணீருக்கு மேலே 40 மீட்டரில் அவ்வளவு பாதிக்காது என்பது என் அனுபவம், ஆனால் 600-இல் எடுக்கும்போது நீங்கள் சொல்வதும் முக்கியம்தான். காலையில் போவது நல்லது.

வாலாட்டி (10.30)

இவ்வளவு செலவும் சுமையும் எதற்கு? பி1000-க்கு மாறிவிடுங்கள். 125 மடங்கு ஜூம், 3000 மி.மீ. ரா ஃபைலும் வரும். நான் அதை வைத்து நிலாவை எடுத்த படங்களைப் பார்த்து யாரும் சின்னக் கேமரா என்று நம்பவில்லை.

நீர்க்காகம் (10.38)

நிலா விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். நிலா வெயிலில் இருக்கும் பொருள், அசையாதது என்று சொல்லலாம், சூப்பர்ஜூமுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கரிச்சான் கணக்குப்படி பி1000-இன் துளை 539-ஐ 8-ஆல் வகுத்து 67 மி.மீ. 3000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 2000-ஐ விட ஒன்றரை மடங்கு விவரம் வரும் என்று நம்ப வேண்டாம். எடையும் 1.4 கிலோ. பி900 ஒரு கிலோவுக்கும் குறைவு.

நடுவில் சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு மாதிரி ஒரு அங்குல சென்சார் கேமராக்களும் உண்டு. உண்மையான ஃபோகல் நீளம் 220 மி.மீ., எஃப்/4. வகுத்தால் அதே 55 மி.மீ. தூரத்தில் இருக்கும் பறவைக்குப் பி900-ஐ விட ஒளி அதிகம் கிடைக்காது, ஆனால் ஃபோகஸ் வேகம் வேறு உலகம்.

முக்காலி (10.52)

கடைசியில் எல்லோரும் விட்டுவிட்ட விஷயம் ஃபோகஸ்தான். ஒளிக் கணக்கு எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை, அதை விடுகிறேன். பி900 லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடித்தான் ஃபோகஸ் பிடிக்கும். உட்கார்ந்த பறவைக்கு அது போதும். பறக்கும் பறவைக்கு அது தேடி முடிப்பதற்குள் பறவை போய்விடும். தொடர்ந்து அழுத்தினாலும் ஏழு படத்தில் நின்று கார்டில் எழுதத் தொடங்கிவிடும். மிரர்லெஸ்ஸில் பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டே வரும். தம்பி, மெனுவில் பறவை கண்டறிதலை ஆன் செய்துவிட்டுப் போங்கள். ஆட்டோவை விட்டு ஷட்டரை 1/2000 நொடியில் வையுங்கள்.

கரிச்சான் (11.05)

இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். குளக்கரை, நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். காலையில் அதே கம்பம், அதே தூரம், இரண்டு கேமராவையும் ட்ரைபாடில் வைத்து எடுங்கள். பிறகு சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி எடுங்கள். அதற்கப்புறம் பறக்கும் எதையாவது ஒன்று. கணினியில் பார்க்கும்போது இரண்டையும் 100 சதவீதத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரண்டு படத்திலும் பறவை ஒரே அளவில் தெரிகிற மாதிரி சுருக்கிவிட்டுப் பாருங்கள். ஒப்பிடுவது என்றால் அதுதான் ஒப்பிடுவது. என் எண்ணிக்கையெல்லாம் தாளில் போட்டது, உங்கள் கண் பார்ப்பதை நம்புங்கள்.

தேன்சிட்டு (11.20)

600-ஐக் கையில் பிடித்து நாள் முழுக்க நடக்க முடியுமா என்பதையும் இரண்டு நாளில் சோதித்துவிடுங்கள். நான் அப்படிப்பட்ட லென்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு முக்கால்வாசி நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். வீட்டில் இருக்கும் லென்ஸில் எந்தப் பறவையும் பதியாது. லென்ஸ் மட்டுமே 2 கிலோவைத் தொடும், கேமரா தனி.

வெயில்காலம் (சனி, மதியம் 12.40)

காலையில் போனீர்களா? என்ன ஆயிற்று?

நீர்க்காகம் (சனி, இரவு 9.15)

குளக்கரை, இருக்கிறீர்களா? படம் போட்டால் எல்லோருக்கும் பயன்படும்.

குளக்கரை (ஞாயிறு, இரவு 10.45)

எல்லோருக்கும் நன்றி. சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் உட்கார்ந்த மீன்கொத்தி: ஒரே அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று, 600-இல் இறகின் ஓரங்கள் கொஞ்சம் சுத்தமாக இருக்கின்றன. வீட்டில் யாரிடம் காட்டினாலும் வித்தியாசம் சொல்லவில்லை. சூரியன் மறைந்த பிறகு: பி900 ஐ.எஸ்.ஓ. 1600-இல் இறகெல்லாம் நீர் வண்ணம் பூசிய மாதிரி ஒட்டிக்கொண்டது, 600-இல் அதே ஐ.எஸ்.ஓ.வில் கண்ணில் இருக்கும் வெளிச்சப் புள்ளி வரை தெரிகிறது. பறக்கும் கொக்கு: பி900-இல் 20 படம் எடுத்தேன், ஒன்றுகூட தேறவில்லை. மற்றதில் பாதிக்கு மேல் கண்ணிலேயே ஃபோகஸ்.

தேன்சிட்டு அக்கா சொன்னது சரி, இரண்டாவது நாள் தோள் வலி. நான் எடுப்பது பெரும்பாலும் காலையில் உட்கார்ந்திருக்கும் பறவைகளைத்தான். இருந்தாலும் மாலையில் எடுத்த அந்தக் கண்ணை மறக்க முடியவில்லை. நாளைக்கு நண்பரிடம் பேசுகிறேன்.

கரிச்சான் (ஞாயிறு, இரவு 10.58)

அருமை. மாலையில் ஷட்டர் எவ்வளவு வைத்தீர்கள்? பி900-இல் ஜேபெக்கின் நாய்ஸ் (படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) குறைப்பு எந்த அளவில் இருந்தது? அதைக் குறைவுக்கு மாற்றினால் அந்த ஒட்டல் கொஞ்சம் குறையும், நண்பரிடம் பேசுவதற்கு முன் நாளை மாலை ஒருமுறை மாற்றி எடுத்துப் பாருங்கள்.

முக்காலி (திங்கள், காலை 6.30)

நாய்ஸ் குறைப்பு மெனுவில் இருக்கிறது, தம்பி. படத்தின் அமைப்பு மாறாமல் இருக்கச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ.வையும் 1600-இலேயே நிறுத்தி வையுங்கள்.

வெயில்காலம் (புதன், இரவு 8.20)

என்ன முடிவு எடுத்தீர்கள் குளக்கரை?