புதுப்பிப்பு: மடக்குக் கத்தி, மூன்று வாரம் கழித்து

புதிதாக வாங்கிய மடக்குக் கத்தியின் பிளேடு விரித்த பிறகும் பக்கவாட்டில் லேசாக ஆடுகிறது, திருப்பி அனுப்பிவிடலாமா என்று போன தடவை கேட்டிருந்தேன். அனுப்பவில்லை. பிளேடு சுழலும் அச்சான பிவட் ஸ்க்ரூவைக் கழற்றி மரையில் ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடிக்கும் நீலத் திரெட்லாக்கர் பசை ஒரு துளி தடவி மறுபடி இறுக்கினேன், ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் துளி கூடுதலாக இறுக்கினாலும் பிளேடு திறக்கவே மறுக்கிறது, அதனால் சரியான இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டியிருந்தது.

விரித்த பிளேடு தானாக மடங்காமல் தடுக்கும் லைனர் லாக் நன்றாக இருக்கிறது. கைப்பிடிக்குள் இருக்கும் அதன் தகடு பிளேடின் அடிப்பகுதிக்குப் பின்னால் முழுசாக வந்து உட்காருகிறது.

கூர்மைதான் ஏமாற்றம். நாலைந்து அட்டைப்பெட்டி வெட்டியதுமே, காகிதத்தை அறுத்தால் நுனிக்கு ஒரு விரல் முன்னால் அதே இடத்தில் சிக்கிக் கிழித்தது. நகத்தை வைத்துப் பார்த்தால் பிசிறு, அதாவது விளிம்பில் ஒட்டி நிற்கும் மெல்லிய உலோக மடிப்பு! தொழிற்சாலையிலேயே நீக்காமல் விட்டிருக்கிறார்கள். 1000 கிரிட் (நடுத்தர நைசு) சாணைக்கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி போல வைத்துத் தீட்டி, தோல்பட்டையில் இழுத்த பிறகு காகிதம் சத்தமே இல்லாமல் பிரிகிறது.

அப்புறம், இது டி2 எஃகு. துருவைத் தடுக்கும் குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் அதில் கணிசமான பங்கு கார்பைடு என்ற கடினமான துகள்களுக்குள் போய்விடுவதால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருப்புள்ளி விழும், எனக்கு ஒன்று விழுந்தேவிட்டது. இப்போது துடைத்து, எண்ணெய் தொட்டுத்தான் மடக்குகிறேன்.