பட்டன் போனில் கல்யாண வீடியோ ஓட எப்படி மாற்றுவது?

கேள்வி (குலசேகரம்): வணக்கம். ரப்பர் பால் வெட்டும் வேலைக்குச் செல்லும் என் அப்பா பட்டன் போனைத்தான் பயன்படுத்துகிறார். தங்கையின் கல்யாண வீடியோவை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். 1920×1080 அளவுள்ள அந்த எம்பி4 கோப்பு அதில் திறக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில் (நாகர்கோவில்): எம்பி4 என்பது வெறும் உறைதான், உள்ளே படமும் ஒலியும் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளன என்பதே முக்கியம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில், படத்தை எச்.263 முறையில் 176×144 அளவுக்கும், ஒலியை ஏஎம்ஆர் முறையில் 8000 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தடத்துக்கும் மாற்றி, 3ஜிபி (.3gp) என்ற வகைக் கோப்பாகச் சேமியுங்கள். எச்.263 முறையில் 176×144, 352×288 போன்ற குறிப்பிட்ட அளவுகளையே பயன்படுத்த வேண்டும். உங்கள் வீடியோ அகலத்திரையில் இருப்பதால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்க்காவிட்டால் முகங்கள் ஒடுங்கி நீண்டு தெரியும்.

பதில் (குளச்சல்): ஒரு திருத்தம் சொல்ல விரும்புகிறேன். ஏஎம்ஆர் பேச்சுக்குரலுக்காக உருவாக்கப்பட்டது. அதில் நாதஸ்வரம் கரகரவென்றுதான் கேட்கும். போன் ஏற்குமானால் எம்பெக்-4 படம், 320×240 அளவு, ஏஏசி ஒலி ஆகியவையே நல்லது. முழு வீடியோவையும் மாற்றுவதற்கு முன், தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் இரண்டு வகையிலும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: இரண்டாவது வகையே ஓடியது. கெட்டிமேளச் சத்தம் தெளிவாகக் கேட்டதும் அப்பா போனைக் காதருகே வைத்துக்கொண்டார். இருவருக்கும் மிக்க நன்றி.