போக்கிமான் பழைய கார்ட்ரிட்ஜ்கள்: கோல்டு, கிரிஸ்டல், ரூபி, எமரால்டில் எதிர்ப்படும் சிக்கல்கள்

ஜோட்டோ251
பழைய கேம் பாய் போக்கிமான் கேம்களில் கோல்டு உசத்தியா, ரூபி உசத்தியா என்று கேட்கிறார்கள், அதை அப்புறம் பேசலாம். கோல்டு, சில்வர், கிரிஸ்டல் இரண்டாம் தலைமுறை; ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றாம் தலைமுறை. முதலில் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் இருப்பது சிஆர்2025 பேட்டரி. சேவ் (விளையாட்டின் பதிவு), கடிகாரம் இரண்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கேம் அணைந்திருந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தபின் விளையாடலாம், ஆனால் பவரை அணைத்ததும் சேவ் போய்விடும்.

மாற்றுவதற்காகப் பழைய பேட்டரியைக் கழற்றினாலும் சேவ் அழியும். வேண்டிய போக்கிமான்களை முதலில் வேறொரு கார்ட்ரிட்ஜுக்குக் கேபிள் வழியே ட்ரேடு (பரிமாற்றம்) செய்துவிடுங்கள். திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி வேண்டும். சால்டர் வைப்பதற்கான உலோகக் காலோடு வரும் பேட்டரியையே வாங்குங்கள். பேட்டரி மேலேயே சால்டர் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும். டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. கார்ட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்து தொடுப்பு விட்டால் அத்தனையும் காலி.

பெர்ரித்தோட்டம்
ரூபி, சஃபையர், எமரால்டில் நிலைமை வேறு. சேவ் ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. சிஆர்1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான், தைரியமாகக் கழற்றலாம். ஆனால் புது பேட்டரி போட்டதும், கேமில் நட்டு வளர்க்கும் பெர்ரிப் பழச் செடி வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடிகாரம் 2000-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும். சேவுக்குள் பழைய நாள் கணக்கு இருக்கும். கடிகாரம் அந்தக் கணக்கை எட்டும்வரை பெர்ரி வளராது, ஷோல் குகையில் கடல்மட்டமும் ஏறி இறங்காது. புது கேம் தொடங்கினால் உடனே சரியாகும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்வது ரூபி, சஃபையரின் ஆரம்பப் பிரதிகளில் உள்ள பெர்ரி பிழை. விளையாட ஆரம்பித்து ஒரு வருடம் ஆனதும், பேட்டரி நன்றாக இருந்தாலும் நாள் சார்ந்த நிகழ்வுகள் 366 நாள் உறைந்துவிடும். கேம் தொடங்கும்போது பேட்டரி தீர்ந்த அறிவிப்பு வராமல் பெர்ரி மட்டும் நின்றிருந்தால் காரணம் இதுதான். அதே தலைமுறையின் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் அல்லது எமரால்டோடு கேபிளில் இணைத்தால் திருத்தம் ஏறிவிடும். கார்ட்ரிட்ஜைத் திறக்கவே வேண்டாம்.

நீலக்கேபிள்
கேபிள் வாங்கும்முன் ஒன்று: கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியில் கோல்டு ஓடும், ஆனால் கோல்டில் ட்ரேடு செய்ய கேம் பாய் கலர் கேபிள்தான் வேண்டும். நின்டெண்டோ டிஎஸ்ஸில் ரூபி ஓடும், கேபிள் துளை கிடையாது, அதனால் ட்ரேடு முடியாது. பழைய சாம்பல் நிற கேம் பாயில் கோல்டு ஓடும், கிரிஸ்டல் ஓடாது. கிரிஸ்டலிலிருந்து ரூபிக்குப் போக்கிமானை அனுப்ப வழியே இல்லை.

ஜோட்டோ251
இனி ஆட்டம். கோல்டில், கோல்டன்ராட் நகர ஜிம் தலைவி விட்னியின் மில்டேங்க் என்ற போக்கிமான் லெவல் 20. அதன் ரோல்அவுட் தாக்குதல் அடிக்க அடிக்க வலு இரட்டிப்பாகும், அட்ராக்ட் தாக்குதல் ஆண் போக்கிமான்களை மயக்கிவிடும். அதனால் பெண் போக்கிமானாக இறக்குங்கள். அதைவிடச் சுலபம், 34-ஆம் ரூட்டில் ட்ரவ்சி பிடித்து, கோல்டன்ராட் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஐந்தாம் தளத்தில் இருக்கும் ஒருவரிடம், மில்டேங்குக்கு எதிராக வலுவான மச்சாப்புக்கு மாற்றிக்கொள்வது. கிரிஸ்டலில் அதே ஆள் ஆப்ரா கேட்பார். ட்ரேடில் வந்த போக்கிமானுக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு ஏறும்.

கோல்டு, கிரிஸ்டல் நடக்கும் ஜோட்டோ பகுதியின் பெரிய குறை லெவல் இடைவெளி. சாம்பியன் லான்ஸின் பெரிய டிராகனைட் லெவல் 50. சில்வர் மலையில் கடைசி எதிரி ரெட்டின் பிகாச்சு 81. நடுவில் லெவல் ஏற்ற உருப்படியான காட்டுப் போக்கிமான்கள் இல்லை. எலைட் ஃபோர் என்ற நான்கு வலுவான எதிரிகளைத்தான் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். இருந்தும் ஜிம்களை வென்று பெறும் 16 பேட்ஜும், இரவு பகலும் சேர்ந்த அந்தப் பயணத்துக்காக என் ஓட்டு கிரிஸ்டலுக்கே.

பெர்ரித்தோட்டம்
சண்டைக்கு எமரால்டுதான். ஏழு அரங்கங்கள் கொண்ட பேட்டில் ஃப்ரன்டியருக்கு ஈடு கோல்டில் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இரண்டு தலைமுறையிலும் ஒரு தாக்குதல் ஃபிஸிக்கலா (அட்டாக் எண்ணை வைத்து), ஸ்பெஷலா (ஸ்பெஷல் அட்டாக் எண்ணை வைத்து) என்பதை அதன் டைப், அதாவது வகைதான் முடிவு செய்கிறது. டார்க், ஐஸ் டைப் போக்கிமானான ஸ்னீசலுக்கு அட்டாக் 95, ஸ்பெஷல் அட்டாக் 35. டார்க், ஐஸ் இரண்டுமே ஸ்பெஷல். சொந்த டைப் தாக்குதல் எதுவும் அதற்குப் பயன்படாது. அந்த அருமையான போக்கிமான் 2006-இல் வந்த டைமண்ட் கேம் வரைக்கும் வீணாகவே கிடந்தது.

நீலக்கேபிள்
எமரால்டு வாங்கினால் போலியா என்று பாருங்கள். அசல் ஓடு ஒளி ஊடுருவும் பச்சை. லேபிளைச் சாய்த்துப் பிடித்தால் அழுத்திப் பதித்த சிறிய எண் தெரியும். கீழே தங்க நிறத் தொடுமுனைகளுக்கு மேல் போர்டில் நின்டெண்டோ பெயர் இருக்க வேண்டும்.