புதுப்பிப்பு: லேப்டாப் ஆன் ஆக அஞ்சு நிமிஷம் – கேஷ் எஸ்எஸ்டிதான் காரணம், சரியாயிட்டு

உதவி பண்ணுன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. புதுசா வாரவங்களுக்கு: பழைய லேப்டாப், 1 டிபி ஹார்ட்டிஸ்க், அதுக்குக் கேஷா (அடிக்கடி வேண்டிய ஃபைலை வேகமா எடுக்க வச்சிருக்க எடம்) 24 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. லோகோவுலயே அஞ்சு நிமிஷம் நிக்கும், உள்ள போயிட்டா ஓரளவு ஓடும்.

விண்டோஸை மறுபடி போடச் சொல்லி நெறைய பேர் சொன்னிய, ஆனா ஈவென்ட் வியூவர்ல (விண்டோஸ் தன் பிழைகளக் குறிச்சி வைக்கிற எடம்) 129-ங்கிற நம்பர் இருக்கான்னு பாக்கச் சொன்ன தென்காசி அண்ணாச்சிதான் சரியாப் பிடிச்சாரு. ஆன் பண்ணும்போதெல்லாம் வரிசையா 129 விழுந்துருக்கு, அதாவது டிஸ்க் பதில் சொல்லாம விண்டோஸ் காத்துக் கெடந்து பொறவு ரீசெட் அடிக்கு. பூட்டுக்கு வேண்டிய ஃபைல் அந்தக் கேஷ்லதான கெடக்கும், அது செத்துக்கிட்டு இருக்கதால ஆரம்பத்துல மட்டும் இந்தப் பாடு.

இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர்ல ஆக்சிலரேஷனை (எஸ்எஸ்டியக் கேஷா ஓட்டுத வசதி) டிசேபிள் பண்ணிட்டு அதுக்கு அப்புறந்தான் எஸ்எஸ்டியக் கழட்டுனேன். இந்த வரிசை ரொம்ப முக்கியம், ஆக்சிலரேஷன் மேக்ஸிமைஸ்டு மோடுல இருந்தா புதுசா எழுதுன டேட்டா ஹார்ட்டிஸ்குக்குப் போகாம கேஷ்லயே இருக்கலாம், நேராப் பிடுங்குனா ஃபைல் போயிரும்.

எதிர்பாக்காதது ஒண்ணு: கேஷ் போயிட்டதால, பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னால வார செட்டிங்ஸ்) டிஸ்க் மோடை ரெய்டுல இருந்து சாதாரண ஏஹெச்சிஐக்கு மாத்துனதும் விண்டோஸ் ஏறாம நீலத் திரை. திரும்ப ரெய்டுக்கே வச்சி, எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸோட பூட் செட்டிங்ஸ்) சேஃப் பூட் டிக் பண்ணி, ரீஸ்டார்ட்ல பயாஸை மாத்தி, சேஃப் மோடுல ஒருதடவ ஏறவிட்டா டிரைவர் தானா வந்துருது, பொறவு டிக்கை எடுத்துரலாம்.

இப்ப வெறும் ஹார்ட்டிஸ்குலயே ஒரு நிமிஷம் சொச்சத்துல வந்துருது, 129 ஒண்ணுகூட இல்ல. வண்ணார்பேட்டைல 2.5 இஞ்ச் எஸ்எஸ்டி வெல விசாரிச்சிருக்கேன், வாங்கிப் போட்டா ஹார்ட்டிஸ்க்க அப்படியே அதுல காப்பி (க்ளோன்) பண்ணதையும் எழுதுதேன்.