வாடகை வீட்டு வாசக்காலில் மெசூசா: வீட்டுக்காரர் எதற்குச் சம்மதிக்கிறார்?

பழையபேட்டை வீட்டுக்காரர் கேட்கிறார்:

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே நானும் அம்மாவும் இருக்கிறோம். மாடியை வாடகைக்கு விடுகிறோம். இம்மாதம் முதல் தேதி, சொட்டுநீர்ப் பாசன வேலையாகத் தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களுக்குப் போய்வரும் ஒரு பொறியாளர் மனைவியோடும் குழந்தையோடும் குடிவந்தார். இஸ்ரேலைச் சேர்ந்த யூதர்.

மூன்றாம் நாள் அவர் கீழே வந்து, மாடி வாசக்காலில் மெசூசா என்ற ஒரு பொருளைப் பதிக்க அனுமதி கேட்டார். விரல் நீளத்துக்கும் சற்றுக் கூடுதலான பித்தளை உறை. அதற்குள் இருந்த தோல்சுருளை மேசைத் துணியின் மேல் விரித்துக் காட்டினார். கையால் எழுதியதுபோல் கறுப்பு மையில் நெருக்கமான வரிகள். ஓர் எழுத்தும் பக்கத்து எழுத்தைத் தொடவில்லை. நான் தாயத்து என்று நினைத்து அப்படியே கேட்டும்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். அவசரமில்லை, மாதம் முடிவதற்குள் பதித்தால் போதும் என்றும் சொன்னார். அந்த மாதக் கணக்கு எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் ஒப்பந்தத்தில் சுவரிலோ கதவிலோ ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு வரி உண்டு. அந்த நிலை தேக்கு. நவதானியமும் வெள்ளிக் காசும் வைத்து அப்பா நட்டது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா மாடிக்குப் போய் அதற்கும் மஞ்சள் குங்குமம் வைப்பது வழக்கம், ஆள் குடியிருந்தாலும் சரி, பூட்டிக் கிடந்தாலும் சரி. மெசூசா வைக்க வேண்டிய கடமை யாருடையது, வீட்டுக்காரனான என்னுடையதா, குடியிருப்பவருடையதா? மரத்தில் துளை போட்டுத்தான் ஆக வேண்டுமா? இவர் காலி செய்யும்போது அது என்ன ஆகும்? நிலையில் ஏறிய பொருளை இறக்கக் கூடாது என்று அம்மா இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார். தெரிந்தவர்கள் விளக்கினால் அவரிடம் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

அதியமான்கோட்டை பதில்:

இறையியல் கல்லூரியில் சில ஆண்டுகள் எபிரேயம் படித்தவன் என்ற அளவில் எழுதுகிறேன். யூதச் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை ரபீ எனப்படும் யூத மதகுருவுக்குத்தான் உண்டு. ஆனால் நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதி நூல்களில் தெளிவாகவே இருக்கிறது.

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: கடமை குடியிருப்பவருடையது. யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வேதத்தின் உபாகம நூலில் 6ஆம் அதிகாரமும் 11ஆம் அதிகாரமும் இறைவனின் வார்த்தைகளை வீட்டு நிலைகளிலும் வாசல்களிலும் எழுதச் சொல்கின்றன. அவ்விரு அதிகாரங்களின் பகுதிகளைத்தான் பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவர் 22 வரிகளில், 713 எழுத்துகளாகத் தோலில் எழுதுகிறார். ஓர் எழுத்து அழிந்தாலும் சுருள் செல்லாது. ஆகவே உங்கள் குடித்தனக்காரருக்குப் பித்தளை உறை அவ்வளவு பெரிதல்ல. உள்ளே இருக்கும் தோல்தான் மெசூசா. நீங்கள் தாயத்து என்று கேட்டதில் பிழை இல்லை, யூதர்களிலேயே பலர் அதைக் காவலாகக் கருதுகிறார்கள். ஆனால் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸ் போன்றவர்கள் அதைத் தாயத்தாக்குவோரைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள்.

மாதக் கணக்கு நல்ல நாள் பார்த்ததல்ல. இஸ்ரேல் நாட்டுக்கு வெளியே வீட்டை வாடகைக்கு எடுத்தவருக்கு 30 நாள் வரை கடமை இல்லை, அதன் பிறகு உண்டு என்கிறது மெனாகோத் என்னும் தல்மூத் பகுதி. "உன் வீடு" என்று வேதம் சொல்வதால் இன்னொருவருக்குச் சொந்தமான வீட்டுக்கு மூலச் சட்டப்படி கடமையே இல்லை, ஒரு மாதம் குடியிருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது அவருடைய வீடாகத் தோன்றுவதால் முன்னோர் கடமையாக்கினார்கள் என்று இடைக்கால உரையாசிரியர்கள் சிலர் விளக்கினார்கள். இஸ்ரேல் நாட்டுக்குள் வாடகைக்கு எடுத்தவரோ உடனே பதிக்க வேண்டும். அதற்குத் தல்மூத் உரையாசிரியர் ராஷி சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: பதித்ததை எடுத்துக்கொண்டு போக முடியாது என்பதால் அவர் எளிதில் காலி செய்ய மாட்டார், காலி செய்தாலும் மெசூசா தயாராக இருப்பதைக் கண்டு அடுத்தவர் விரைந்து குடிவருவார், எப்படியும் வீடு ஆளில்லாமல் கிடக்காது. கிருஷ்ணகிரியில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இந்தக் கவலை நன்றாகவே தெரியும்.

30 நாள் ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; முன்கூட்டியே பதிப்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் ஆசிமொழியை எப்போது சொல்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

பாலக்கோடு தச்சுப்பட்டறை பதில்:

துளை பற்றி மட்டும் சொல்கிறேன். பெங்களூரில் ஓர் அடுக்ககத்தில் கதவு வேலை செய்தபோது ஒரு யூதக் குடும்பத்துக்கு இதைப் பதித்துக் கொடுத்திருக்கிறேன். ஆணியோ திருகாணியோ கட்டாயமில்லை, நிலையாக ஒட்டி நின்றால் போதும் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் மேல் முனை மட்டும் ஒட்டிக் கீழ் முனை ஆடக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்கள். தொங்கும் பொருள் பதித்த பொருளாகாதாம். எனவே இரு முனைகளிலும் நுரை வைத்த இருபக்க ஒட்டுநாடா போட்டோம்.

பழைய தேக்கில் எண்ணெய்ப்பசை இருக்கும். உங்கள் வீட்டு நிலையில் மஞ்சளும் ஏறியிருக்கும். ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்தாமல் ஒட்டினால் ஒரு வெயில் காலத்துக்குக்கூடத் தாங்காது. எடுக்கும்போது நெம்பவே கூடாது: முடி உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பை உறைக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டு அறுத்து எடுத்தால் மெருகு உரியாது. சின்னப் பித்தளைத் திருகாணி இரண்டு போட்டாலும் தேக்குக்கு ஒன்றும் ஆகாது, பிறகு மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடலாம். இது கல் நிலையாக இருந்தால் விளிம்பில் துளை போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். நம் பக்கத்துக் கருங்கல் எவ்வளவு உறுதியோ, விளிம்பில் அவ்வளவு சுலபமாகச் சில்லு தெறிக்கும்.

பழையபேட்டை வீட்டுக்காரர்:

இருவருக்கும் நன்றி. இன்று அவரிடம் பேசியதில் இன்னும் இரண்டு சந்தேகங்கள் வந்தன. மாடியில் சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு சாமான் அறை, குளியலறை என்று ஐந்து கதவுகள் உள்ளே இருக்கின்றன. எல்லாவற்றிலும் பதிப்பாரா? கீழே நாங்களும் அவர்களும் சேர்ந்து பயன்படுத்தும் இரும்புக் கதவில் வேண்டாம் என்று அவராகவே சொன்னார். எங்கள் மனம் கோணக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறாரோ என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அதியமான்கோட்டை பதில்:

கூச்சப்பட வேண்டாம். யூதரும் யூதரல்லாதவரும் சேர்ந்து வாழும் முற்றத்தின் வாயிலுக்கு மெசூசா தேவையில்லை என்று 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த மோசே இசெர்லெஸ் எழுதியிருக்கிறார். யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் வெனிஸில் முதலில் அச்சான ஷுல்கான் ஆரூக் என்னும் சட்டத் தொகுப்பில், ஐரோப்பிய யூதர்களின் வழக்கங்களை ஆங்காங்கே சேர்த்தவர் அவர். உங்கள் இரும்புக் கதவு அந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது.

உள்ளே, மனிதர் புழங்கும் அறைகளுக்கெல்லாம் வேண்டும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கூடாது. நான்கு முழம் நீளமும் நான்கு முழம் அகலமும் இல்லாத அறைக்குத் தேவையில்லை என்பது அடிப்படை விதி. அவர்கள் முழத்தை நம் அளவுக்கு மாற்றினால், யார் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து, பக்கம் ஏறக்குறைய ஆறேகால் அடியிலிருந்து ஏழரை அடி வரை வரும். சாமான் அறை அதற்குள் அடங்கினால் விட்டுவிடலாம். ஆசிமொழி இல்லாமல் பதித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆக வாசலையும் சேர்த்து நான்கு, மிஞ்சினால் ஐந்து இடங்கள்.

உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கம் வரும் நிலைக்காலில், உயரத்தை மூன்றாகப் பங்கிட்டு மேல் பங்கு தொடங்கும் இடத்தில் வைப்பார்கள். சாய்வாக வைத்தால் கோணலாகிவிட்டது என்று தச்சரை அழைக்க வேண்டாம். செங்குத்தாக வைக்க வேண்டும் என்றார் ராஷி. கிடையாக என்றார் அவருடைய பேரன் ரபேனு தாம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஐரோப்பிய யூதர்கள் சாய்த்து வைத்தார்கள். ஸ்பெயின் வழிவந்த செபராது வழக்கத்தவர் இன்றும் செங்குத்தாகத்தான் வைக்கிறார்கள்.

ஓசூர் வாடகைதாரர் சங்கடம் அறிந்தவன் பதில்:

நானும் வீடு விடுகிறவன். அனுமதி கொடுங்கள், ஆனால் காலி செய்யும்போது எடுத்துவிட்டு நிலையைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி விட்டதில், முன்பு குடியிருந்த ஒருவர் கதவில் ஒட்டிவிட்டுப் போன படங்களைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு நாள் வேலை பிடித்தது. உங்கள் அம்மாவுக்கு மனக்குறை இருந்தால், தோலை அவர் எடுத்துக்கொண்டு வெற்று உறையை மட்டும் விட்டுப் போகட்டும். பித்தளைதானே, இருந்துவிட்டுப் போகிறது. வேண்டாத நாளில் பழைய சாமானோடு போட்டுவிடலாம்.

அதியமான்கோட்டை பதில்:

எழுதி வாங்குவதை ஏற்கிறேன், உறை பற்றிய யோசனையை ஏற்கவில்லை. தோரா என்னும் யூத வேதச் சுருளின் பை, மெசூசாவின் உறை போன்றவை புனிதப் பொருளுக்குத் துணைநின்றவை. பயன் முடிந்ததும் அவற்றை எறியக் கூடாது, மரியாதையாக எடுத்து வைக்க வேண்டும் என்பது மெகில்லா என்னும் தல்மூத் பகுதியில் உள்ள விதி. பழைய இரும்புக் கடைக்கு அது போய்ச் சேரும் என்றால் அவர் விட்டுச்செல்ல மனம் ஒப்ப மாட்டார்.

அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். அதே அச்சம் தல்மூத்திலும் இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்பவர் மெசூசாவைக் கையில் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்கிறது பாவா மெட்ஸியா என்னும் தல்மூத் பகுதி. அடுத்த வாக்கியமே, வீட்டுக்காரர் யூதரல்லாதவர் என்றால் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்கிறது. அதையடுத்து ஒரு நிகழ்ச்சி: ஒருவர் எடுத்துக்கொண்டு போனார், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அடக்கம் செய்தார். எடுக்கச் சொல்லிவிட்டு எடுத்தவருக்குத் துன்பம் வந்த கதையைச் சொன்னால் முரணாக இல்லையா என்று தல்மூத்தே கேட்டு, அந்தக் கதை முதல் வாக்கியத்துக்கு உரியது என்று ரவ் ஷேஷத்தின் வாயால் பதில் சொல்கிறது. அதாவது அடுத்து யூதர் குடிவரும் வீட்டில் விட்டுச்செல்வதுதான் முறை. அங்கே அடுத்தவர் அதன் விலையைக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பின்னாளில் எழுதினார்கள். உங்கள் வீட்டில் எடுப்பதுதான் முறை. காரணம் வீட்டின் மேலுள்ள வெறுப்பல்ல. சுருளின் அருமை தெரியாதவர் கையில் அது மதிப்பிழந்துவிடக் கூடாதே என்ற கவலைதான்.

அம்மா தமக்கென்றே ஒன்று கேட்டாலும் அவர் தயங்குவார். யூதரல்லாதவருக்கு மெசூசா கொடுக்கக் கூடாது, மறுத்தால் பகை வந்து தீங்கு நேரும் என்றால் மட்டும் கொடுக்கலாம் என்றும் இசெர்லெஸ் எழுதியிருக்கிறார். ஆனால் இதற்கு முந்தைய ஒரு கதை எருசலேம் தல்மூத்தில் உண்டு. அர்தபான் என்பவர் ரபீ யூதாவுக்கு விலைமதிப்பற்ற முத்து ஒன்றை அனுப்பி, அதற்கு ஈடான பொருளைக் கேட்டார். ரபீ ஒரு மெசூசாவை அனுப்பினார். விலைமதிப்பற்ற பொருளுக்கு ஒரு காசுப் பொருளா என்று அவர் வருந்த, நீர் அனுப்பியதை நான் காவல்காக்க வேண்டும், நான் அனுப்பியதோ நீர் தூங்கும்போது உம்மைக் காவல்காக்கும் என்றாராம் ரபீ. அம்மாவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சொன்னால் கேட்டே தீருவார்.

பழையபேட்டை வீட்டுக்காரர்:

சொல்லிவிட்டேன், கேட்கவும் செய்தார். பெட்டி அவர்களுடையது, காவல் காப்பது யாரை என்றார்; எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று காலை அளந்து பார்த்தோம். நிலை ஏழடி; மேல் பங்கு தரையிலிருந்து நாலடி எட்டு அங்குலத்தில் தொடங்குகிறது. அம்மா குங்குமம் வைப்பது அதற்குக் கீழே, ஏறக்குறைய இடுப்பு உயரத்தில். மஞ்சள் தடவும்போது தண்ணீர் மேலே தெறிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொன்னார். பொறியாளரின் மனைவிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஈரம் பட்டு எழுத்து அழிந்திருக்கிறதா என்று ஏழு ஆண்டுக்கு இருமுறை சுருளை எடுத்துப் பார்ப்பது எப்படியும் வழக்கம்தான் என்றார் அவர்.

ஒப்பந்தத்தில் ஆணி பற்றிய வரியின் கீழே, மாடி வாசலிலும் உள்ளே மூன்று கதவுகளிலும் ஒட்டுநாடாவால் மெசூசா பதிக்கலாம், காலி செய்யும்போது குடியிருப்பவரே தம் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். சாமான் அறை ஆறடிக்கு ஐந்தடி, அதை விட்டுவிட்டார். இருபத்தெட்டாம் நாள் மாலை பதிக்கிறார்கள். பாலக்கோடு நண்பர் சொன்ன தூண்டில் நரம்பை இப்போதே வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கிறேன்.