அம்மாவின் கழுத்தில் கட்டி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்
அம்மாவுக்கு 52 வயது. கழுத்தின் வலது பக்கம், காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டி. ஒரு மாதமாகியும் கரையவில்லை. வலி இல்லை, அதனால்தான் அம்மா சொல்லாமலே இருந்துவிட்டார். பல் சொத்தை, தொண்டைப் புண்ணால் நெறி கட்டியிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வடிந்திருக்க வேண்டுமாம். எச்சில் விழுங்கும்போது கட்டி மேலே ஏறவில்லை. தைராய்டாக இருந்தால் பெரும்பாலும் ஏறுமாம். சாயங்காலம் லேசான காய்ச்சல், எடையும் குறைந்திருக்கிறது. டாக்டர் காசநோயைச் சந்தேகிக்கிறார், புற்றுநோய் இல்லை என்றும் உறுதி செய்ய வேண்டுமாம். வியாழக்கிழமை ஊசி போட்டுச் சதை எடுக்கிறார்கள்.

நெறிக்கட்டியில் காசநோய் வந்து 6 மாத மாத்திரை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கட்டி எப்போது சுருங்கத் தொடங்கியது? ஊசிப் பரிசோதனை ரொம்ப வலிக்குமா? அம்மா அதற்குத்தான் பயப்படுகிறார்.