மஞ்சள் படப்புதிர்: 4, 7, 10 விடைகள் சரியா?

புதிர்ப்பெட்டி: நேற்றைய மஞ்சள் படப்புதிருக்கு விடைகள். 4-ஆம் படம், சாலையோர மரம்: சரக்கொன்றை. 7-ஆம் படம், விம்பிள்டனில் வெள்ளைப் பந்து போய் இந்த டென்னிஸ் பந்து வந்த ஆண்டு: 1972. 10-ஆம் படம்: சூரியன். மற்ற ஏழில் யாருக்கும் சந்தேகம் வராது. முதலிடம் திண்ணைவாசி, 9 மதிப்பெண்.

வேலியோரம்: ஐயா, 4-இல் இருப்பது சரக்கொன்றையே இல்லை, பெருங்கொன்றை. சரக்கொன்றை சரம் சரமாகக் கீழே தொங்கும். உங்கள் படத்தில் பூங்கொத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது.

திண்ணைவாசி: இரண்டும் கொன்றைதானே அக்கா. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரைக் கேட்டால் கொன்றை என்றுதான் சொல்வார்.

வேலியோரம்: ஒன்பது வாங்கியவர் அப்படித்தான் பேசுவீர்கள் தம்பி. இலையைப் பாருங்கள், குல்மொகர் மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கிறது. சரக்கொன்றைக்கு ஒவ்வொரு இலையும் விரல் நீளத்துக்குக் குறையாது. காயும் வேறு: அதற்கு முழங்கை நீளத்தில் கறுப்புக் குழாய், இதற்குச் செம்பு நிறத்தில் தட்டைக் காய். பெருங்கொன்றை தென்கிழக்காசியப் பக்கத்து மரம், நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டது. சிவன் சூடுகிற கொன்றை இது இல்லை.

ஏட்டுச்சுரைக்காய்: சிவனும் வந்துவிட்டாரா, சரி. சங்கப் பாட்டுகளில் கொன்றை கார்காலத்தில் பூக்கிறது. கேரளத்தில் விஷுக்கனிக்கு வைக்கிற உங்கள் சரக்கொன்றை சித்திரை வெயிலில் பூக்கிறது. அப்போது எது அசல் கொன்றை?

வேலியோரம்: எங்கள் வீட்டு மரம் மழை விழுந்ததும் இன்னொரு முறை கொஞ்சம் பூக்கும். ஆனால் அது தனி வழக்கு. அதைக் கிளறினால் 4-ஆம் கேள்வி காணாமல் போய்விடும்.

கேலரிப்பாண்டி: 7-க்கு வாருங்கள். 1972 என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு மஞ்சள் பந்தை விதியில் சேர்த்த ஆண்டு. கலர் டிவியில் பந்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதுதான் காரணம். விம்பிள்டன் அசையவில்லை, 1986-இல்தான் மாறியது. போரிஸ் பெக்கர் 1985-இல் வெள்ளைப் பந்தில் பட்டம் வென்றார், அடுத்த ஆண்டு மஞ்சள் பந்தில் மறுபடியும் வென்றார்.

திண்ணைவாசி: அது முதலில் மஞ்சளா? என் கண்ணுக்குக் கிளிப்பச்சை. கேள்வியையே தள்ளிவிடலாம்.

கேலரிப்பாண்டி: 1972 என்று எழுதி மதிப்பெண் வாங்கும்போது பச்சையாகத் தெரியவில்லையா? விதிப்புத்தகத்தில் மஞ்சள் என்றே இருக்கிறது. 2018-இல் ஒரு ரசிகர் கேட்டதற்கு ஃபெடரரும் மஞ்சள் என்றுதான் சொன்னார்.

ஏட்டுச்சுரைக்காய்: அப்படியே 10-ஐயும் பாருங்கள். விண்வெளியிலிருந்து பார்த்தால் சூரியன் வெள்ளை. நம் காற்றுமண்டலம் நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் இங்கே மஞ்சளாகத் தெரிகிறது.

புதிர்ப்பெட்டி: 10-ஆம் படத்தில் ஓரமாக ஒரு பனைமரம் நிற்கிறது. விண்வெளியில் பனை ஏது? அது மாறாது. 7 என் தவறு, 1986 என்று திருத்திவிட்டேன். 4-ஆம் படம் எங்கள் தெருவில் நானே எடுத்தது. இன்று காலை போய்ப் பார்த்தேன், மரத்தடியில் செம்பு நிறத் தட்டைக் காய்கள் கிடக்கின்றன. பெருங்கொன்றைதான். திண்ணைவாசி 7 மதிப்பெண்ணுக்கு இறங்குகிறார்.

திண்ணைவாசி: காயை யாராவது கொண்டுவந்து போட்டிருக்கலாம்.